ஆகார நியமமும் ஆரணி நெசவாளரும்

ஸ்ரீமத் பகவத்கீதையின் 6ஆம் அத்தியாயம் தியான யோகத்தை உபதேசிப்பது. அத்தகைய உயர்ந்த விஷயத்தைக் கூற வந்த இடத்தில் கண்ணபிரான் சோற்றையும் உறக்கத்தையும் பற்றிப் பேசுவது பலருக்கு வியப்பளிக்கலாம். உணவு, நடமாட்டம், தொழில், உறக்கம் ஆகியவற்றில் அளவறியாதவனுக்கு யோகம் கைகூடாது என்பது அங்கு அருளப்படும் கருத்து. கேட்டவன் காட்டில் தவமியற்றும் முனிவன் அல்லன். இல்லறத்தான், வில் பிடித்துத் தொழில் செய்தவன். ஆகவே தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து பொழுதெல்லாம் நாடா ஓட்டும் ஆரணி நெசவாளருக்கும் இவ்வுபதேசம் முழுவதும் உரியதே.

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இவ்வூருக்குப் புகழ் தந்தவை இரண்டு: பட்டும் அரிசியும். நோய் நுழையும் வழியும் இவ்விரண்டின் சேர்க்கையிலேயே இருக்கிறது என்றால் அது மிகையன்று. தறியில் அமர்ந்தவருக்குக் கையும் காலும் ஓய்வின்றி இயங்குகின்றன. ஆனால் இடுப்பும் முதுகும் கழுத்தும் மணிக்கணக்கில் ஒரே நிலையில் வளைந்து கிடக்கின்றன. மாலையில் அவர் அடையும் களைப்பு உண்மையான களைப்பு. எனினும் அது ஏர் உழுதவனின் உழைப்புக்கு ஈடாகாது. உழுதவன் உண்ட அளவு சோற்றைத் தறியில் அமர்ந்தவரும் உண்டால், செலவாகாத பகுதி கொழுப்பாகத் தேகத்தில் தங்கிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென மதிப்பிட்டது. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025இல் வெளியான கட்டுரை, நம்மவர் உணவிலிருந்து பெறும் சக்தியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்தினின்றே வருகிறது என்று கூறுகிறது.

அரிசியைப் பழிப்பது நோக்கமன்று. அதை வெளுக்கத் தீட்டுவதில்தான் குறை நேர்கிறது. 1890களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். அதற்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நீலகிரிக் குன்னூரிலும் 1918இல் இந்நோயைக் குறித்த ஆராய்ச்சி தொடங்கியது. அதை நடத்திய மக்காரிசன் என்னும் அயர்லாந்து மருத்துவர், பல பிரதேசத்து உணவுகளை எலிகளுக்கு அளித்துப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்டவை செழித்தன. பால் குறைந்த தென்னாட்டு அரிசி உணவை உண்டவை கடைசி வரிசையில் நின்றன.

நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திப் பின் குத்தும் புழுங்கல் முறையில், தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் ஆராய்ச்சிச்சாலை எதையும் காணாமலே இதைச் செய்துவந்தனர். எம்பெருமானுக்குத் தளிகை பச்சரிசியில்தான் ஆகவேண்டும் என்பது மடப்பள்ளி நியமம். அதை வீட்டிலும் மூன்று வேளை அனுஷ்டிக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. இந்நதி பிறக்கும் ஜவ்வாது மலையில் இன்றும் சாமை விளைகிறது. அதையும் இடையிடையே உண்ணலாம். ஆயினும் சாமையும் மாவுப்பொருளே; தட்டு நிறையச் சோற்றை நீக்கித் தட்டு நிறையச் சாமையை இட்டால் பெரும் பயனில்லை. தட்டில் பாதியைக் கீரையும் காயும் நிரப்ப, எஞ்சியதில் பருப்புக்கும் சோற்றுக்கும் இடம் கொடுப்பதே முறை.

தறிவீடுகளில் தேநீரின் கணக்கு வேறு. பாவு பிணைக்கும்போது ஒன்று, தார் மாற்றும்போது ஒன்று, கூலி பேசும்போது ஒன்று என நாளொன்றுக்கு ஐந்து ஆறு குவளை ஆகிவிடுகின்றன. குவளைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால், தேநீரிலேயே 40 அல்லது 50 கிராம் சேர்ந்துவிடும். நாள் முழுவதுக்கும் 50 கிராமுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும், 25 கிராமாகக் குறைத்தால் மேலும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பு 5 கிராமுக்கு மேற்படலாகாது. ஊறுகாயும் அப்பளமும் அக்கணக்கைச் சேர்ந்தவையே.

மணிக்கு ஒருமுறை தறிக்குழியை விட்டு எழுந்து, நிமிர்ந்து நின்று, நாலடி நடந்து வருதல் நன்று. வாரத்தில் 150 நிமிடம் விரைந்த நடை வேண்டுமென்று மருத்துவர் கூறுகின்றனர். பிரதட்சிணம் செய்கிறோமே என்று சிலர் கேட்பர். ஊர்க்கதை பேசிக்கொண்டே ஊர்ந்து செல்லும் பிரதட்சிணம் இரண்டுக்கும் உதவாது. புண்ணியத்தின் கணக்கை எம்பெருமான் பார்த்துக்கொள்வான், நடையின் கணக்கு நிச்சயமாகத் தேறாது.

இனி உபவாச விஷயம். பட்சத்துக்கு ஒருமுறை வரும் ஏகாதசியில் வயிற்றுக்கு ஓய்வு தருவது பெரியோர் கண்ட வழி. ‘பலகாரம்’ என்னும் சொல்லே ‘பலாஹாரம்’, அதாவது பழ உணவு என்பதன் திரிபு. இன்றோ சோறு மட்டும் விலக்கப்பட்டு, பூரியும் வடையும் சேமியா உப்புமாவும் அப்பெயரால் உள்ளே போகின்றன. மற்ற நாளினும் ஏகாதசியன்றே எண்ணெய் அதிகம் செலவாகும் இல்லங்கள் உண்டு! இது உபவாசமன்று, சோற்றோடு ஒருநாள் பிணக்கு, அவ்வளவே.

இதற்கு நேர்மாறான தவறு உயிருக்கே அபாயமானது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர், பக்தி மிகுதியால் நீரும் அருந்தாது கிடப்பதுண்டு. விரதம் கெடும் என்றஞ்சி மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் உண்டு. மருந்தை உட்கொண்டு ஆகாரமின்றி இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் நேரும்; மருந்தை நிறுத்தினால் அது ஏறும். அறநூலார் இவ்வளவு கடுமையைக் கேட்கவில்லை. ஏகாதசி நியமத்தை எட்டு வயதுக்கு மேல் எண்பதுக்கு உட்பட்டவர்க்கே விதித்தனர். விரதத்தைக் கெடுக்காதவை என எண்ணிய எட்டில் நீர், பழம், கிழங்கு, பால் இவற்றோடு மருந்தையும் சேர்த்தனர். ஆகவே நோயுள்ளவர் வைத்தியரைக் கேட்டு, மருந்தின் அளவை அவர் சொற்படி அமைத்துக்கொண்டு, பாலும் பழமும் அவர் அனுமதிக்கும் அளவில் உட்கொண்டு இருத்தல் சாஸ்திரத்துக்கு விரோதமாகாது. மயக்கத்தின் அறிகுறி கண்டால் அக்கணமே சர்க்கரையோ வெல்லமோ வாயிலிடவேண்டும். திதி முடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

உற்சவ நாட்களில் வரும் சேவார்த்திகளுக்கும் இது பொருந்தும். பிரசாதம் உள்ளங்கையில் ஏற்கப்படுவது. ததீயாராதனத்தில் அமர்ந்து வயிறார உண்பது வேறு. அதன் பின்னரும் மூன்றாவது தொன்னைச் சர்க்கரைப் பொங்கலுக்குக் கை நீட்டுபவர் ஆராதிப்பது நாவையே.

துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்க்கும் மரபைத் தறிவீட்டுப் பெண்கள் கவனித்தல் நலம். கீரையிலுள்ள இரும்புச்சத்தைத் தேகம் எளிதில் ஏற்பதில்லை. நெல்லியின் புளிப்பிலுள்ள சத்து அதை ஏற்கச் செய்கிறது. ரத்தசோகையுள்ளவர் இவ்விரண்டையும் துவாதசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் மற்ற நாட்களிலும் கூட்டி உண்ணலாம். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அச்சத்து உடலில் சேர்வது தடைப்படும். ஒருமணி நேரம் கழித்தே குவளையை எடுக்கவேண்டும்.