இரசாயன மாணவனும் அடைபட்ட தொட்டியும்

இரசாயனம் பயிலும் மாணவன் ஒருவன் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தால் நண்பர்கள் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். சென்ற தை மாதத்தில் அத்தொட்டி எனக்குப் புகட்டிய பாடத்தை எந்த ஆய்வுக்கூடமும் புகட்டவில்லை.

டில்லியில், பல்கலைக் கழகத்தை அடுத்த ஒரு வீட்டின் மாடியில் நாங்கள் நால்வர் குடியிருக்கிறோம். சோறும் குழம்பும் இன்றி உயிர் தரிக்க மாட்டாதவர்கள். ஆகவே சமையல் எங்களுடையதே. மார்கழி பிறந்ததும் தொட்டியில் நீர் வடிவது மந்தமாயிற்று. பொங்கலன்று அடியோடு நின்றே போயிற்று. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் வந்து பார்த்து, “மதராசிகள் அரிசி தின்றால் இப்படித்தான், செலவை முன்பணத்தில் பிடித்துக் கொள்வேன்” என்று கூறிச் சென்றார்.

அவர் கூற்றில் பாதி உண்மை உண்டு. கஞ்சியும் பருக்கையும் குழாயில் பசை போல் ஒட்டும். ஆயினும் முதற் குற்றவாளி தேங்காய் எண்ணெய். எங்களில் ஒருவன் நாகர்கோவிலைச் சேர்ந்தவன். அவன் தாளிப்பதும் பொரிப்பதும் தேங்காய் எண்ணெயில்தான். அவ்வெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே உறைந்துவிடும். டில்லியில் தை மாதத்து இரவுகள் 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. வாணலியிலிருந்து வெந்நீரோடு உருகி ஓடும் எண்ணெய், குளிர்ந்த குழாயைத் தொட்டதும் மெழுகாகிவிடும். நெய்யும் அவ்வாறே. நல்லெண்ணெய் இக்குளிருக்கு உறையாது. உறைந்த கொழுப்பில் கடுகு, கறிவேப்பிலை, காப்பிச் சக்கை எல்லாம் சிக்கிக் கொள்ளும். நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் அது கொழுப்பு அமிலத்தோடு கூடி, நீரில் கரையாத ஒருவகைச் சோப்பாய் இறுகவும் செய்யும்.

இவ்வளவும் தேர்வில் கேட்டால் எழுதியிருப்பேன். அன்று காலை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கழிவறை கழுவ வைத்திருந்த ஆசிட் புட்டியை எடுத்துத் தொட்டியண்டை போய்விட்டேன். குளிருக்காகச் சன்னல்கள் யாவும் சாத்தியிருந்தன. மூடியைத் திருகும்போது, சரித்திரம் படிக்கும் நண்பன் படுக்கையிலிருந்தே, “நாற்றம் தாங்காமல் ராத்திரி அதிலே பிளீச்சிங் பவுடர் போட்டேனடா” என்றான். என் கை நின்றுவிட்டது. பிளீச்சிங் பவுடரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ரே போர்க்களத்தில் ஜெர்மானியர் விட்ட நச்சுப் புகை அதுதான். இத்தனைக்கும் அமிலம் கொழுப்பைக் கரைக்காது. நான் செய்யவிருந்தது ஆபத்து மட்டுமன்று, வீண் வேலையுங்கூட.

காஸ்டிக் சோடா கொழுப்பைச் சோப்பாக்கும் என்பது மெய்யே. ஆனால் நீர் நகராத தொட்டியில் அது அங்கேயே தங்கும். பிறகு குழாயைக் கழற்றுபவனின் கண்ணுக்கும் கைக்கும் கேடு. சோடா உப்பும் வினிகரும் ஊற்றுவோரும் உளர். நுரை கண்ணுக்கு விருந்துதான். இரண்டும் ஒன்றையொன்று தணித்துக் கொள்ளுமேயன்றிக் கொழுப்பை அசைக்க மாட்டா.

பின் செய்வது யாது? தொட்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். குழாய் ஓரிடத்தில் வளைந்தோ, புட்டி போல் பருத்தோ இருக்கும். அதனை ‘டிராப்’ என்பர். அதில் எப்பொழுதும் சிறிது நீர் தேங்கி நின்று, சாக்கடை வாயு மேலே ஏறாதபடி தடுக்கும். லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-இல் கழிவறைக்கு இத்தகைய வளைவை அமைத்து உரிமை பெற்றார். காவலுக்கு நிற்கும் அவ்விடத்திலேதான் கசடும் சேரும்.

தொட்டியில் நின்ற நீரை முதலில் முகந்து கொட்டினோம். பவுடர் கலந்த நீராதலால் கையுறை அணிந்து, சன்னல்களையும் திறந்து வைத்தோம். டிராப்புக்கு அடியில் வாளி வைத்துக் கையாலேயே மூடியைத் திருகினோம். பிளாஸ்டிக் மரையாதலால் குறடு போட்டு நெருக்கினால் வெடித்துவிடும். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி! நாகர்கோவில் நண்பன் முகத்தைத் திருப்பிக் கொண்டான். குச்சியால் தோண்டி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, வாஷர் பிசகாமல் மாட்டினோம். பின்னர் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரைச் சோப்புத் தூளோடு ஊற்றினோம். கொதிநீர் கூடாது, பி.வி.சி. குழாய் 80 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும். டிராப்பில் அடைப்பு இல்லையெனில் தடை அப்பால் இருக்கும். அதற்கு ரப்பர்க் கிண்ணம் பொருத்திய பம்பு போதும். தொட்டியின் மேற்புறத்தில் வழிதுளை இருந்தால் அதை ஈரத் துணியால் அடைத்துவிட்டு அழுத்த வேண்டும். இல்லாவிடில் காற்று அவ்வழியே தப்பிவிடும்.

செலவு ஒன்றும் இல்லை. இப்பொழுது வாணலியைப் பழைய செய்தித்தாளால் துடைத்த பிறகே கழுவுகிறோம். ஆசிட் புட்டியும் பிளீச்சிங் பவுடரும் வெவ்வேறு அறைகளில் இருக்கின்றன.

இதை எழுதிக் கொண்டிருக்கையில் வீட்டுக்காரரின் மகன் வந்து நிற்கிறான். கீழே அவர்கள் தொட்டியில் நீர் போகவில்லையாம். அவர்கள் வீட்டில் நெய்ச் சமையல். வாளியை எடுத்துக் கொண்டு இறங்குகிறேன்.