ஆன்மாவைப் பிறாண்டும் பூனைகள்

கேள்வி: ரஷ்யக் கதைகளை ஆங்கிலத்தில் படிக்கிறேன். மனத்தைக் கிளறும் அவர்களுடைய மரபுத்தொடர்கள் ஆங்கிலத்தில் உயிரோடு வந்து சேர்கின்றனவா?

பதில்: பாதிக்குப் பாதி. ரஷ்யர்களுக்கு எல்லாமே 'துஷா'வில்தான், அதாவது ஆன்மாவில்தான் நடக்கும். நல்ல பாட்டு ஆன்மாவைப் பிடித்து இழுக்கும். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு இதயம் வந்துவிடும்; 'சோல்' என்று எழுதினால் கொஞ்சம் சர்ச் வாசனை அடிக்கும். பெரிய நஷ்டமில்லை.

வம்பெல்லாம் ஒத்துப்போவதுபோல் தெரியும் தொடர்களில்தான். 'ஸதேத் ஸ ஷிவோயே' என்றால் உயிருள்ள சதையில் உரசுவது. ஆங்கிலத்தில் 'கட் டு தி குவிக்' இருக்கிறது. அந்தக் 'குவிக்'குக்கும் பழைய பொருள் உயிருள்ளது என்பதே. அச்சு அசல் ஜோடி! ஆனால் ஆங்கிலத் தொடர் காயத்தை மட்டுமே சொல்லும். ரஷ்யத் தொடரோ, ஒரு பேச்சு ஒருவரை நோகடிக்காமல் உசுப்பிவிட்டாலும் வரும். அங்கே 'கட்' போட்டால் காட்சியே திசைமாறிவிடும்.

மனம் கனத்தால் ரஷ்யருக்கு ஆன்மாவில் பூனைகள் பிறாண்டும். 'ஹெவி ஹார்ட்' என்று எழுதிப் பூனைகளை விரட்டிவிடலாம். கதைசொல்லியின் வரியென்றால் நானும் அதைத்தான் செய்வேன். வாயாடிப் பாத்திரம் ஒன்று சொல்லும்போது மட்டும் பூனைகள் இருந்துவிட்டுப் போகட்டும்.