புகை கக்கிய சைக்கிள்கள்

சென்ற கோடை விடுமுறையில், என்னிடம் இயற்பியல் படித்த பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இடது கை கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஓய்வு நாள்களில் மண் தடங்களிலும் மலைப் பாதைகளிலும் சைக்கிள் ஓட்டுவது அவர் வழக்கம். அத்தகைய பந்தயங்களிலும் கலந்துகொள்வார்.

“என்ன தம்பி, மேட்டில் ஏறும்போது விழுந்தாயா?” என்றேன்.

“ஏறும்போது விழுந்தால் சிராய்ப்போடு போய்விடும் சார். நான் இறங்கும்போது விழுந்தேன். காறை எலும்பு முறிந்துவிட்டது. பிரேக்கை அழுத்தினேன், பிடி ஹேண்டில்பாரைத் தொடும்வரை வந்துவிட்டது. வண்டி மட்டும் நிற்கவில்லை” என்றார்.

நல்ல வண்டி, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக் கொண்டது. அறுந்துபோகக் கம்பி கிடையாது. எண்ணெயும் ஒழுகவில்லை. வேடிக்கை என்னவென்றால், அரை மணி கழித்து நண்பர்கள் அந்த வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது பிரேக் ஒன்றுமே நடக்காததுபோல் சரியாகப் பிடித்ததாம்! அப்படியானால் நடுவில் அது எங்கே போயிருந்தது?

மாணவ நண்பர்களே, இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் சற்றுத் தொலைவு போக வேண்டும். அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கு வடக்கே மாரின் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூரை அடுத்த மலையில், காட்டுத் தீயை அணைக்கும் வண்டிகள் செல்வதற்காக வெட்டப்பட்ட மண் சாலை ஒன்று இறங்குகிறது. நீளம் சுமார் 3,400 மீட்டர். அந்த நீளத்துக்குள் 400 மீட்டர் உயரம் இறங்கிவிடும். கல்லும் புழுதியும் திடீர் வளைவுகளும் நிறைந்த பாதை. 1970-களில் அவ்வூர் இளைஞர்கள் சிலர், 1930-களிலும் 40-களிலும் செய்யப்பட்டுப் பழைய சாமான் கடைகளில் துருப்பிடித்துக் கிடந்த தடித்த டயர் சைக்கிள்களை வாங்கி, இந்தப் பாதையில் இறங்கி விளையாடினார்கள். ஒவ்வொரு வண்டியும் 20 கிலோகிராமுக்கு மேல் கனக்கும்.

‘கீழே யார் முதலில் வருவார்?’ என்ற பேச்சு வந்துவிட்டால் பந்தயம் வராமல் இருக்குமா? 1976 அக்டோபர் 21-ஆம் நாள் முதல் பந்தயம் நடந்தது. சார்லி கெல்லி என்பவர் அதை முன்னின்று நடத்தினார். இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பி, நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். முதல் போட்டியில் வென்றவர் ஆலன் பாண்ட்ஸ்; விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவரே என்று சொல்வார்கள்! 1984 வரை மொத்தம் 24 முறை இந்தப் பந்தயம் நடந்தது. கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியதே மிகக் குறைந்த நேரம். ஜோ பிரீஸ் அவருக்கு இரண்டு விநாடிகளே பின்தங்கினார். பெண்களில் வெண்டி கிராக் 5 நிமிடம் 27 விநாடியில் இறங்கினார். அந்த நாள்களின் புகைப்படங்களில் பெரும்பாலானவை அவர் எடுத்தவைதாம்.

பந்தயத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ரீபேக்’. ‘மறுபடியும் அடைத்தல்’ என்று பொருள். எதை மறுபடியும் அடைப்பது? கிரீஸை!

அந்தப் பழைய வண்டிகளின் பிரேக், நம் சைக்கிளில் உள்ளதுபோல் ரிம்மைப் பிடிப்பதன்று. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால், பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே உலோகக் கட்டைகள் விரிந்து ஹப்பின் உட்சுவரை உரசும். உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ், உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும். மலை உச்சியிலிருந்து ஒருமுறை இறங்கி வந்தால் ஹப் தொட முடியாதபடி கொதிக்கும். கிரீஸ் உருகிக் கருகிப் புகையாகப் போய்விடும். வண்டிகள் பின்னால் புகை கக்கிக்கொண்டே வருமாம். அடுத்த முறை இறங்குவதற்கு முன் ஹப்பைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைத்தாக வேண்டும். பெயர்க் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் நிறை என்று கொள்வோம். 400 மீட்டர் உயரத்தில் அவருக்குள்ள நிலையாற்றல் 90 × 9.8 × 400 = 3,52,800 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 2,94,000 ஜூல் போதும். அதாவது, உச்சியில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கும் ஆற்றலைத் தம்மோடு வைத்திருக்கிறார்.

இது எங்கே போகிறது? ‘வேகமாக, இயக்க ஆற்றலாக மாறுகிறது’ என்று பாடப்புத்தகத்தை நினைத்துக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஃபிஷரின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 13 மீட்டர். இந்த வேகத்தில் 90 கிலோகிராமின் இயக்க ஆற்றல் ½ × 90 × 13 × 13, அதாவது ஏறத்தாழ 7,600 ஜூல்தான். மொத்த ஆற்றலில் நூற்றில் இரண்டு பங்கு! மீதி 98 பங்கும் வழியிலேயே எங்கோ கொட்டப்பட்டிருக்கிறது. வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் மாணவர்கள் நம்ப மறுத்து மறுபடியும் பெருக்கிப் பார்ப்பார்கள். மலையிறங்கும் பந்தயம் என்பது வேகத்தைச் சேர்க்கும் வித்தை அல்ல. வேண்டாத ஆற்றலை எங்கே, எப்போது கொட்டுவது என்னும் வித்தை.

கொட்டுவதற்கு மூன்று இடங்கள் உள்ளன: காற்று, மண், பிரேக். மண்ணில் உருளும் டயரை எதிர்க்கும் விசையைத் தோராயமாக 20 நியூட்டன் என்று வைத்தால், 3,400 மீட்டரில் 68,000 ஜூல் செலவாகும். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அது விநாடிக்கு 13 மீட்டர் வேகத்தில் சுமார் 61 நியூட்டன். 9 மீட்டர் வேகத்தில் 29 நியூட்டன் மட்டுமே.

இப்போது இருவரை ஒப்பிடுவோம். 13 மீட்டர் வேகத்தில் இறங்குபவரிடமிருந்து காற்று மட்டுமே 2,07,000 ஜூல் வாங்கிக்கொள்கிறது. அவருடைய பிரேக்குக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 70,000 ஜூல். பயந்து பயந்து 9 மீட்டர் வேகத்தில் இறங்குபவரிடமிருந்து காற்று வாங்கிக்கொள்வது 99,000 ஜூல்தான். ஆகவே அவருடைய பிரேக் 1,82,000 ஜூலை விழுங்க வேண்டியிருக்கிறது! ஹப்பை ஒரு கிலோகிராம் எஃகு என்று கொண்டு, எஃகின் தன்வெப்பம் 460 என எடுத்தால், வெப்பம் வெளியே போகாவிட்டால் முதலாமவரின் ஹப் 150 டிகிரி சூடேறும். இரண்டாமவருடையது ஏறத்தாழ 400 டிகிரி. மெதுவாக வருபவருக்கு ஆற நேரம் சற்று அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பாதி வெப்பம் காற்றில் தப்பிவிட்டது என்றாலும் 200 டிகிரி நிற்கும். பல கிரீஸ்கள் அதற்கு முன்பே இளகி ஒழுகத் தொடங்கிவிடும்.

மெதுவாகப் போனவரின் பிரேக்தான் அதிகம் சூடாகிறது. இதைக் கேட்டதும் என் மாணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சார், நான் அன்று செய்தது அதுதான். மழை பெய்து தடம் வழுக்கிக்கொண்டிருந்தது. பயத்தில் மேலிருந்து கீழ்வரை பிரேக்கை விடவே இல்லை. லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தேன்.”

“அப்படியானால் எண்ணெய் கொதித்திருக்கும்” என்றேன்.

நண்பர்களே, எண்ணெய் பிரேக்கின் தத்துவம் பாஸ்கல் விதி. திரவம் அமுங்காது, ஆகவே பிடியில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் மறுமுனைக்குப் போய்ச் சேரும். ஆனால் டிஸ்க்கின் வெப்பம் பிரேக் கட்டைகளைக் கடந்து உள்ளேயிருக்கும் திரவத்தைக் கொதிக்க வைத்துவிட்டால், அங்கே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். வாயு அமுங்குமே! நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் அந்த அழுத்தம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். பிடி ஹேண்டில்பாரைத் தொடும், சக்கரம் சுற்றிக்கொண்டேயிருக்கும். ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகும். பிரேக்கும் ‘ஒன்றுமே நடக்காததுபோல்’ பிடிக்கும். சிலவகைப் பிரேக் திரவங்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. நாளாக ஆக அவற்றின் கொதிநிலை இறங்கிவிடும். எப்போது திரவம் மாற்றினாய் என்று கேட்டேன். வாங்கியதிலிருந்து மாற்றவில்லை என்று தலையைச் சொறிந்தார்.

ஆகவே ‘வேகமாகப் போங்கள், பிரேக் ஆறும்’ என்று நான் சொல்லுவதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்! தேர்ந்தவர்கள் செய்வது வேறு. நேரான இடத்தில் பிரேக்கை முழுவதும் விட்டுவிடுவார்கள். காற்று தன் பங்கை வாங்கிக்கொள்ளும், டிஸ்க்கும் ஆறும். வளைவு வருமுன் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் மறுபடியும் விட்டுவிடுவார்கள். வழி தெரியாத இடத்திலும், நடமாட்டம் உள்ள இடத்திலும் இந்த வித்தைக்கே வேலையில்லை. நின்று, ஆறவிட்டு, பிறகு இறங்குவதுதான் சரி.

வளைவுக்குள் ஏன் பிரேக் பிடிக்கக் கூடாது? டயருக்கும் மண்ணுக்கும் இடையே உராய்வு ஓர் அளவுக்குத்தான் உண்டு. வண்டியைத் திருப்புவதும் அதுதான், நிறுத்துவதும் அதுதான். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டுமானால் மையநோக்கு முடுக்கம் 64 ÷ 10 = 6.4. உராய்வுக் குணகம் 0.5 உள்ள மண் கொடுப்பதோ 4.9 தான். வழுக்கத்தான் செய்யும். வேகத்தை 6 மீட்டராகக் குறைத்துக்கொண்டு நுழைந்தால் 3.6 போதும்; கையிருப்பும் மிஞ்சும். அந்தக் கையிருப்பையும் பிரேக் பிடித்துச் செலவழித்துவிட்டால், நடுவில் ஒரு கல் வந்தாலும் கணக்கு தவறிவிடும்.

ரீபேக் ஓட்டிகள் இவற்றையெல்லாம் கணக்குப் போட்டு அறியவில்லை. விழுந்து விழுந்து அறிந்தார்கள். கிரீஸ் கருகும் பிரேக்கைத் தூக்கியெறிந்துவிட்டுப் பெரிய டிரம் பிரேக்குகளும், மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளும், மேடு ஏறப் பல பல் சக்கரங்களும் பொருத்தினார்கள். பழைய ஃபிரேம்கள் அடி தாங்காமல் முறிந்தன. 1977-இல் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே குரோமியம்-மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாய்களால் புதிய ஃபிரேம் செய்தார். 1979-இல் கெல்லியும் ஃபிஷரும், டாம் ரிச்சி செய்து கொடுத்த ஃபிரேம்களைக் கொண்டு ‘மவுண்டன் பைக்ஸ்’ என்ற பெயரில் வணிகம் தொடங்கினார்கள். இன்று உலகமெங்கும் வழங்கும் பெயர் இதுதான். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது.

“இவ்வளவு அடிபட்டும் ஏன் போகிறாய்?” என்று என் மாணவரிடம் கேட்டேன். வீட்டில் அம்மாவும் இதையே கேட்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

“இறங்குவது ஐந்து நிமிடம்தான் சார். அதற்கு முன் இரண்டு மணி நேரம் நாலைந்து பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுவோம். வேலை, வீடு, கடன், கல்யாணம் எல்லாம் அப்போதுதான் பேசுவோம். எனக்கு அந்த இரண்டு மணி நேரம் வேண்டும்.”

யோசித்துப் பார்த்தால் இயற்பியலும் அவர் பக்கம்தான். உச்சியிலுள்ள 3,52,800 ஜூல் வானத்திலிருந்து வந்ததன்று. தள்ளிக்கொண்டு ஏறிய கால்கள் சேர்த்து வைத்தது. அது 84 கிலோகலோரி. தசைகள் உண்ட உணவில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். எனவே ஏறத்தாழ 340 கிலோகலோரி உணவு வேண்டும். ஆறேழு இட்லி என்று கொள்ளுங்கள்! அந்த இட்லிகள்தாம் கடைசியில் ஹப்பிலும் டிஸ்க்கிலும் வெப்பமாகப் போகின்றன.

ஏறுவதையே பெரிதாக நினைத்தவர்களும் உண்டு. கொலராடோ மாநிலத்தில் கிரெஸ்டட் பியூட் என்ற ஊர்க்காரர்கள் 1976-இல் இத்தகைய பழைய வண்டிகளோடு சுமார் 3,870 மீட்டர் உயரமுள்ள பேர்ல் கணவாயைக் கடந்து ஆஸ்பென் நகருக்குப் போனார்கள். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 62 சதவீதம்தான். 1978-இல் மாரின் ஓட்டிகளில் சிலரும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அங்கே கடிகாரம் கிடையாது. யார் முதல் என்ற கேள்வியும் இல்லை.

என் மாணவர் புறப்படும்போது, திரவத்தை மாற்றிவிட்டுத்தான் இனி வண்டியை எடுப்பேன் என்றார். கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

உங்களுக்கு ஒரு கணக்கு. நீங்களும் உங்கள் சைக்கிளும் சேர்ந்து 70 கிலோகிராம். 20 மீட்டர் உயரமுள்ள மேட்டிலிருந்து முழுவதும் பிரேக் பிடித்தபடி மெதுவாக இறங்கி நிற்கிறீர்கள். இரண்டு எஃகு ரிம்களும் தலா ஒரு கிலோகிராம். நிலையாற்றல் முழுவதும் ரிம்களுக்கே போய்ச் சேர்ந்தால் அவை எத்தனை டிகிரி சூடேறும்? விடை 15-ஐ ஒட்டி வரவேண்டும். போட்டு முடித்ததும், போக்குவரத்து இல்லாத ஒரு சிறு சரிவில் இறங்கி, வண்டி முழுவதும் நின்ற பிறகு ரிம்மைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டையும் தொடுங்கள். எது அதிகம் சுடுகிறது? நீங்கள் எந்தப் பிரேக்கை நம்பி ஓட்டுகிறீர்கள் என்பதை அது சொல்லிவிடும்.