மூச்சுக்காக ஒரு சங்கம்

கோலார் தங்கவயலில் நூறு ஆண்டுகளுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

தங்கம் போய்விட்டது. தூசி போகவில்லை.

பாறையை மாவு போல அரைத்தார்கள். சயனைடு சேர்த்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். மீதி மண்ணை மேடு மேடாகக் கொட்டினார்கள். மக்கள் அதைச் சயனைடு மலை என்கிறார்கள். அந்த மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேல் மண் இருக்கிறது. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீட்டுக்குள் வருகிறது. சோற்றில் விழுகிறது. பாயில் படிகிறது. மூச்சிலும் கலக்கிறது.

இரண்டு நோய்கள்

மூச்சு வாங்கினால் எல்லாம் ஒரே நோய் அல்ல.

ஒன்று ஆஸ்துமா. மூச்சுக் குழாய் வீங்கிச் சுருங்குகிறது. மார்பில் விசில் போலச் சத்தம் வருகிறது. தூசி, அடுப்புப் புகை, பீடிப் புகை, குளிர் காற்று ஆகியவை இதைக் கிளப்பும். சிலர் உடலுக்குச் சில பொருள்கள் ஒத்துக்கொள்ளாது. அதுதான் அலர்ஜி. சரியான மருந்து எடுத்தால் ஆஸ்துமாவை அடக்கி வைக்கலாம்.

மற்றொன்று சிலிகோசிஸ். பாறைத் தூள் நுரையீரலில் தங்குகிறது. அங்கே தழும்பு உண்டாகிறது. அந்தத் தழும்பு மறையாது. இந்த நோயாளியைக் காசநோயும் எளிதில் பிடிக்கும்.

1940 முதல் 1946 வரை தங்கவயல் தொழிலாளர்கள் 7,653 பேரைப் பரிசோதித்தார்கள். 3,402 பேருக்குச் சிலிகோசிஸ் இருந்தது. பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல்! எண்ணிப் பார்த்ததால்தான் இது தெரிந்தது.

அலிராஜ்பூர் மக்கள் செய்தது

மத்தியப் பிரதேசத்தில் அலிராஜ்பூர், ஜாபுவா என்ற மாவட்டங்கள் உள்ளன. அங்குள்ள ஆதிவாசி மக்கள் குஜராத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். அங்கே கல் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்தார்கள். பலர் மூச்சு முட்டி இளம் வயதிலேயே இறந்தார்கள்.

தனியாகக் கேட்டால் யார் கேட்பார்கள்? நோயாளிகளும் குடும்பத்தாரும் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். ஊர் ஊராகக் கணக்கு எடுத்தார்கள். யார் நோயாளி, யார் இறந்தார், எங்கே வேலை செய்தார் என்று எழுதினார்கள். தேசிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இறந்த 238 பேர் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2016-இல் தீர்ப்பு வந்தது.

எழுதி வைத்த கணக்குதான் அவர்களுக்குச் சாட்சியானது.

பின்லாந்து நாட்டில் நடந்தது

பின்லாந்து குளிர் மிகுந்த நாடு. அங்கே 1994 முதல் 2004 வரை ஆஸ்துமாவைக் குறைக்க ஒரு திட்டம் நடந்தது. டாக்டர், நர்ஸ், மருந்துக் கடைக்காரர் எல்லாரும் சேர்ந்தார்கள். நோயாளிகள் சங்கமும் சேர்ந்தது. மருந்தை எப்படி எடுப்பது என்று நோயாளிகள் கற்றுக்கொண்டார்கள். ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் படுக்கும் நாட்கள் பாதிக்கும் கீழே குறைந்தன.

பத்துப் பேர் சேர்ந்தால்

ஒரு தெருவில் பத்து நோயாளிகள் சேர்ந்தாலும் போதும். பல வேலைகள் செய்யலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். பெயர், வயது, சுரங்கத்தில் வேலை செய்த ஆண்டுகள், நோய் ஆகியவற்றை எழுதலாம்.

எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, வேலைச் சான்று ஆகியவற்றைப் பத்திரமாக வைக்கலாம்.

இன்ஹேலர் பிடிக்கும் முறையை நர்ஸிடம் கேட்டு, ஒருவருக்கொருவர் சொல்லித் தரலாம். இன்ஹேலர் பழக்கமாகி அடிமையாக்கும் என்பது தவறு. மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. அதனால் கொஞ்சம் மருந்தே போதும். நோயைத் தடுக்கும் இன்ஹேலர் வேறு. மூச்சு முட்டும்போது உடனே உதவும் இன்ஹேலர் வேறு. தடுக்கும் மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

மண்மேட்டில் மரம் நட வேண்டும், தூசியைத் தடுக்க வேண்டும் என்று நகரசபைக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். நோயாளியால் ஒரு வாக்கியம் கூடப் பேசி முடிக்க முடியவில்லையா? உதடு நீலம் ஆகிறதா? தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பேசிப் பாருங்கள்

1. ஆஸ்துமாவுக்கும் சிலிகோசிஸுக்கும் என்ன வேறுபாடு?
2. அலிராஜ்பூர் மக்களுக்குக் கணக்கு எப்படி உதவியது?
3. உங்கள் தெருவில் மூச்சு நோய் உள்ளவர்கள் எத்தனை பேர்? எண்ணி எழுதுங்கள்.