உங்கள் கிலோ, உங்கள் பேர்: மலையகத் தொழிலாளிக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

கொழுந்து பறிப்பது கைத்தொழில். இரண்டு இலையும் ஓர் அரும்பும் எதுவென்று கண் பார்க்குமுன் விரல் அறிந்துவிடுகிறது. கவ்வாத்துக் கத்தி பிடிப்பவருக்கும், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்தின் பதத்தை மணத்தாலேயே சொல்பவருக்கும் இதே அறிவு உண்டு. பல வருடம் பழகினால்தான் இந்தக் கை வரும்.

இந்தத் தொழில்காரர்களிடமிருந்து மூன்று பொருள்கள் களவுபோகின்றன. ஒன்று கிலோ. இரண்டாவது செக்ரோலில், அதாவது வேலைநாள் பதிவேட்டில், விழ வேண்டிய பேர். மூன்றாவது, நன்றாகச் செய்த வேலைக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: வேலையை ஒருவர் செய்கிறார், கணக்கை இன்னொருவர் எழுதுகிறார். எழுதுபவர் நேர்மையானவராக இருந்தால் பிரச்சினை இல்லை. நம் கூலியை அவருடைய நேர்மையை மட்டும் நம்பி விட்டுவைக்க முடியாது. நம்மிடமும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

போவது எவ்வளவு?

பல தோட்டங்களில் கொழுந்து நாளுக்கு மூன்று முறை நிறுக்கப்படுகிறது. ஒவ்வொரு நிறுவையிலும் நியாயமில்லாமல் ஒரு கிலோ கழிந்தால் நாளுக்கு 3 கிலோ, 20 நாள் வேலைக்கு 60 கிலோ. தோட்டம் கேட்பது நாளுக்கு 20 கிலோ என்றால், அது மூன்று நாள் உழைப்பு. கழித்த கொழுந்து மலையிலேயே கிடந்துவிடுவதில்லை. மற்றக் கொழுந்தோடு லொறியில் ஏறி ஸ்டோருக்குப் போகிறது. அந்த 60 கிலோவும் ஏறக்குறைய 13 கிலோ தேயிலையாகிறது.

அடுத்தது அரைப்பேர், அதாவது ஒரு நாள் வேலைக்கு அரைநாள் கணக்கு. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தத் தொகையை வைத்தே பார்ப்போம். கிலோ குறைந்ததென்று அரைப்பேர் போட்டால் கூலி 675 ரூபாய்தான். இழப்பு அதோடு நிற்பதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தோட்டம் 12 வீதமும் நீங்கள் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 வீதமும் கட்ட வேண்டும். முழுப்பேருக்கு 310 ரூபாய் 50 சதம் சேரும் இடத்தில், அரைப்பேருக்குப் பாதிதான் சேரும். மாதத்தில் நான்கு அரைப்பேர் விழுந்தால் கூலியில் 2,700 ரூபாயும், நிதிகளில் 621 ரூபாயும் குறையும். முதுமைக்கென்று சேர்கிற பணம் தராசடியிலேயே கரைவது இப்படித்தான்.

பழைய வழக்கம், பழைய எதிர்ப்பு

மலையகத்தில் கணக்கு என்றுமே தொழிலாளியின் கையில் இருந்ததில்லை. பெரிய கங்காணி ஆட்களைக் கூட்டிவந்தார், கடனை எழுதினார், கூலியும் அவர் வழியாகவே வந்தது. கடனைக் காட்டும் 'துண்டு' ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கும் ஆளைத் துரத்தியது. 1921இல் துண்டு முறை ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்தது. புடவை வியாபாரியைப் போலத் தோட்டங்களுக்குள் நுழைந்து மக்களைச் சந்தித்த தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர், 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டினார். எழுத்தைத் தொழிலாளியிடம் கொண்டுசேர்க்க அவரும் மனைவி மீனாட்சியம்மையும் பாடுபட்டார்கள். இன்று எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையாவது ஏறத்தாழ எல்லா வீட்டிலும் இருக்கிறது. இனிக் கணக்கு நம் கையிலும் இருக்கலாம்.

1. ஒரு கொப்பி வையுங்கள்

சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னக் கொப்பி போதும். ஒவ்வொரு நாளும் ஆறு விஷயம் எழுதுங்கள்: திகதி, மலை இலக்கம், மூன்று நிறுவையிலும் விழுந்த கிலோ, ஒவ்வொரு முறையும் கழித்த கிலோ, கழித்ததற்குச் சொன்ன காரணம், பக்கத்து நிரையில் நின்றவரின் பேர். மலையில் எழுத முடியாத நாளில் லயத்துக்கு வந்த கையோடு எழுதிவிடுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம். பிள்ளைக்கும் தாயின் உழைப்பின் அளவு தெரியட்டும்.

கைப்பேசி இருந்தால் வாரக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். கொப்பி மழையில் நனைந்தாலும் கணக்கு பிழைக்கும். மாதக் கடைசியில் சம்பளச் சிட்டையைக் கொப்பியோடு வரிவரியாக ஒத்துப் பாருங்கள். சிட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். சேமலாப நிதி சரியாகக் கட்டப்பட்டதா என்று பின்னாளில் கேட்க அதுதான் சான்று.

2. கழிவைப் புரிந்துகொள்ளுங்கள்

எல்லாக் கழிவும் களவாகிவிடாது. சாக்குக்கு எடை உண்டு. மழை நாளில் இலைமேல் நிற்கும் தண்ணீருக்கும் எடை உண்டு. முற்றிய இலை கலந்தால் தேயிலையின் தரம் விழும். இவற்றுக்குக் கழிப்பதில் நியாயம் இருக்கிறது. வெயில் காய்கிற நாளிலும் தண்ணிக்கென்று அதே கழிவு விழுந்தால்தான் கேள்வி பிறக்க வேண்டும். சாக்கின் எடையைக் கழித்தபிறகு, 'போகிற வழியில் குறையும்' என்று மறுபடி கழித்தால் கேளுங்கள். உங்கள் சாக்குக்கு ஒரு கழிவும் இன்னொருத்தியின் சாக்குக்கு இன்னொரு கழிவும் விழுந்தாலும் கேளுங்கள்.

தராசைச் சோதிப்பது சுலபம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து லீற்றர் தண்ணீர் நிறைந்த கேனை அனுமதி கேட்டுத் தராசில் வைத்தால் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும். தராசில் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. அன்றைக்கே, அதே இடத்தில், எண்ணோடு கேளுங்கள்

மாதக் கடைசியில் 'என் கிலோ குறைஞ்சிருக்கு' என்றால் யாராலும் சரிபார்க்க முடியாது. கொழுந்து அதற்குள் தேயிலையாகி, பெட்டியேறி, கொழும்பு ஏலத்துக்கே போயிருக்கும். கொழுந்து மடுவத்தில் சாக்கு கண்முன் இருக்கும்போதே கேளுங்கள். ஆளைக் குற்றம் சொல்லாமல் எண்ணை மட்டும் கேளுங்கள்:

"ஐயா, இந்தத் தடவ எனக்கு எத்தன கிலோங்க? தண்ணிக்கு எவ்வளவு கழிச்சீங்க? கொப்பியில குறிச்சுக்கிறேன்."

இதில் சண்டை இல்லை, பழி இல்லை. ஆனாலும் கொப்பியில் குறிக்கிறார்கள் என்று தெரிந்த இடத்தில் எழுதுபவர் கவனமாகவே எழுதுவார். ஒருவர் மட்டும் கேட்டால் அவரைத் தனிமைப்படுத்துவது எளிது. நிரையில் நிற்கும் ஐந்து பேரும் நாள்தோறும் கேட்டால் அதுவே மடுவத்தின் வழக்கமாகிவிடும்.

4. தவறா, வழக்கமா?

மழைக்கும் அவசரத்துக்கும் நடுவில் எண்ணைத் தவறாகக் கேட்பதும், ஒரே பேருள்ள இருவரின் கிலோவை மாற்றி எழுதுவதும் நடக்கும். இரண்டு வாரக் கணக்கைப் பாருங்கள். குறைவு ஒருநாள் உங்களுக்கும் மறுநாள் இன்னொருவருக்கும் விழுந்தால் அது கவனக்குறைவு. குறைவு எப்போதும் ஒரே ஆட்களுக்கும், கூடுதல் எப்போதும் ஒரே ஆட்களுக்கும் விழுந்தால் அது வேறு விஷயம். அந்த வரிசையைக் கொப்பியில் காட்டிவிட்டுப் பேசினால் உங்கள் சொல் நிற்கும். சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் வீண் பகைதான் மிஞ்சும்.

5. எடுத்தவர் நம் ஆள் என்றால்

எல்லாக் களவும் மேலிருந்து வருவதில்லை. பக்கத்து நிரையில் புகுந்து நல்ல கொழுந்தைப் பறிப்பதும், இறக்கிவைத்த கூடையிலிருந்து ஒரு கை அள்ளுவதும், வராதவருக்குப் பேர் ஏற்றச் சொல்வதும் நமக்குள்ளே நடக்கின்றன. இங்கே முதலில் தனியாகப் பேசுங்கள். "அக்கா, காலையில என் நிரைக்குள்ள வந்துட்டீங்க. நாளைக்கு எல்லைய பார்த்துக்குவோம்" என்றால் பெரும்பாலும் அதோடு முடியும். ஒரே லயத்தில் வாழ்கிறோம். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடம் போகின்றன. மடுவத்தில் வைத்து மானத்தை வாங்கினால் அந்தக் காயம் ஆறாது.

மறுபடியும் நடந்தால், இருவருக்கும் வேண்டிய மூத்தவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கங்காணியிடம் நிரையை மாற்றிக் கேளுங்கள். ஒன்றில் மட்டும் உறுதி வேண்டும்: வேலை செய்யாதவர் பேரை ஏற்ற உடந்தையாகாதீர்கள். இன்று அவருக்கு ஏறும் பேர் நாளை உங்கள் கணக்கிலிருந்து குறையலாம். அப்போது கேட்க வாய் இருக்காது.

6. கைத்திறனுக்கும் சான்று வேண்டும்

ஸ்டோரிலும் வேலைத்தலத்திலும் களவு வேறு விதமாக நடக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை டிம்புள்ள, நுவரெலியாப் பக்கத்தில் வறண்ட காற்று வீசித் தேயிலையின் மணம் கூடும். அந்தப் பருவத்தில் கொழுந்து எவ்வளவு வாட வேண்டும், எப்போது அரைக்க வேண்டும், எந்த நிமிடம் அடுப்பேற்ற வேண்டும் என்பதில்தான் ஏல விலை இருக்கிறது. பல வேளை அதைச் சரியாகச் சொன்னவர் இளையவர். விலை ஏறியதும் பாராட்டுப் பெறுபவர் மூத்தவர்.

ஏலத்தில் தோட்டத்தின் மார்க்குக்குத்தான் பேர். ஆகவே உங்கள் பேருக்கான சான்றை நீங்களே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தடவைத் தயாரிப்புக்கும் நேரம், அன்றைய வானிலை, நீங்கள் சொன்ன மாற்றம், கிடைத்த பலன் ஆகியவற்றை எழுதி வையுங்கள். யோசனையைத் தேநீர் வேளைப் பேச்சோடு விட்டுவிடாமல், வேலை தொடங்குமுன் நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். சின்னக் குறிப்பாக எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. யோசனை பலித்தபின் உரிமை கோருவது கடினம்.

கொழும்பில் தையல், மேசன் வேலை, பேக்கரி வேலை என்று போயிருக்கும் மலையக இளைஞருக்கும் இதே வழிதான். செய்த வேலையை முன்னும் பின்னும் படம் எடுத்து, திகதியோடு வைத்திருங்கள். பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், தொழில் அனுபவத்தையே பரீட்சித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இலங்கையில் இருக்கிறது. அந்தப் பரீட்சைக்குப் போகும்போது நீங்கள் சேர்த்துவைத்த படங்களும் குறிப்புகளும் உங்களுக்காகப் பேசும்.

7. படிப்படியாக மேலே போங்கள்

கணக்கப்பிள்ளையிடம் கேட்டும் தீரவில்லையென்றால் சின்னத்துரையிடம், அங்கும் தீராவிட்டால் தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் போங்கள். அதன் பிறகு ஹட்டன் அல்லது நுவரெலியா தொழில் அலுவலகம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை. ஒரு பக்கம் போதும்: எந்த மாதம், எத்தனை நாள், எத்தனை கிலோ, எவ்வளவு ரூபாய் என்று எழுதிக் கொப்பியின் பிரதியை இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேமலாப நிதியில் சந்தேகம் என்றால் உறுப்பினர் இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். ஒருவருடைய முறைப்பாட்டை 'பிரச்சினை பண்ணுறவர்' என்று ஒதுக்கலாம். பத்துக் கொப்பிகள் ஒரே எண்ணைச் சொல்லும்போது அப்படி ஒதுக்க முடியாது.

8. கணக்கு எழுதுபவருக்கும் ஒரு சொல்

கங்காணியாக, கணக்கப்பிள்ளையாக, டீமேக்கராக இருப்பவர்களில் பலர் நேர்மையானவர்கள். மேலிருந்து வரும் நெருக்குதலையும் அவர்கள்தான் தாங்குகிறார்கள். உங்களுக்கும் வழி எளிது. நிறுத்த எண்ணை உரக்கச் சொல்லுங்கள். கழிவைக் காரணத்தோடு சொல்லுங்கள். துரை பாராட்டும்போது வேலை செய்தவரின் பேரை முதலில் சொல்லுங்கள். இதனால் உங்கள் மதிப்புக் குறையாது. உரக்கச் சொன்ன எண்ணில் உங்கள்மீது சந்தேகம் வர இடமே இல்லை.

நாளைக் காலை பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் கொப்பி ஒன்றை எடுத்து, மேலே உங்கள் பேரை எழுதி, முதல் நிறுவையிலிருந்து தொடங்குங்கள். பக்கத்து நிரைக்காரியிடமும் சொல்லுங்கள். ஒரு மாதக் கணக்கு கையில் இருந்தால் நீங்கள் யாரிடமும் இரங்கிக் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் காட்டும் எண்ணுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.