எது சார் ஈஸி பேப்பர்?

ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஃபார்ம் வந்து விழும். பி.டெக் பயோடெக்னாலஜி மாணவர்கள் மறுநாள் சாயங்காலத்துக்குள் தங்கள் எலெக்டிவை, அதாவது விருப்பப் பாடத்தை, முடிவு செய்து அனுப்ப வேண்டும். அன்றிரவு முழுக்க சீனியர்களுக்குப் போன் பறக்கும். “எது ஈஸி பேப்பர்?” என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் போன்களில் கைமாறும் நம்பிக்கைகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஆசிரியர் நான். அவற்றை நம்பி, தங்களுக்குப் பொருந்திய வேலையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் கடந்துபோன பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: “பயாலஜி படிக்க வந்தவங்களுக்குக் கணக்கு எதுக்கு? பயோஸ்டாட்டிஸ்டிக்ஸை விட்டுடு.”

பிளஸ் டூவில் கணக்கோடு மல்லுக்கட்டியவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஹீமோசைட்டோமீட்டரை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து ஈஸ்ட் செல்களை எண்ணிய எவரும் புள்ளியியலுக்குள் ஏற்கெனவே கால் வைத்தவர்தான். ஒரு கட்டத்தில் ஏழு செல், பக்கத்துக் கட்டத்தில் பன்னிரண்டு. எதை நம்புவது? டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்டும் இதே இடத்தில்தான் நின்றார். ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணும்போது நேரும் பிழையைப் பற்றி 1907இல் ஒரு கட்டுரை எழுதினார். கையில் சில மாதிரிகள் மட்டுமே இருக்கும்போது எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்று கணக்கிடும் வழியை மறு ஆண்டே வெளியிட்டார். இரண்டுக்கும் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ‘ஸ்டூடன்ட்’. இன்று நாம் போடும் டி-டெஸ்ட் அவர் தந்தது. நொதித்தல் தொட்டிக்குப் பக்கத்தில் பிறந்த கணக்கை, நொதித்தல் படிக்கிறவர்களே ஒதுக்குவது எனக்கு ஆறவே இல்லை. எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வின் பயோடெக்னாலஜி தாளிலும் பொறியியல் கணிதம் தனிப் பகுதியாகவே இருக்கிறது. நிகழ்தகவும் புள்ளியியலும் அதில் அடக்கம்.

நம்பிக்கை: “பயோப்ராசஸ் பக்கம் போகாதே, அது கெமிக்கல் இன்ஜினியர் வேலை. ஜீன் சம்பந்தப்பட்டதா எடு.”

ஜீனை வெட்டி ஒட்டுவதில் ஒரு கவர்ச்சி உண்டு, மறுக்கவில்லை. 1978இல் ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினை ஆய்வகத்தில் உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் கிடைத்தது 1982இல். ஆனால் ஜீனோடு வேலை முடிவதில்லை. பாக்டீரியாவுக்குள் இப்படி அளவுக்கு மீறி உருவாகும் புரதம் பெரும்பாலும் மடிப்புக் குலைந்து கட்டிகட்டியாகக் கிடக்கும். செல்லை உடைத்து, கட்டியைக் கரைத்து, புரதத்தைச் சரியான வடிவத்துக்கு மடியவைத்து, குரோமட்டோகிராபியில் படிப்படியாகத் தூய்மையாக்க வேண்டும். ஈ.கோலையின் வெளிச்சவ்விலிருந்து வரும் எண்டோடாக்சின் அளவுக்கு மேல் தங்கிவிட்டால், ஊசி போட்டுக்கொண்டவருக்குக் காய்ச்சல் கண்டுவிடும். இவ்வளவும் பயோப்ராசஸ் பாடங்களுக்குள் வருபவை. செல் எதற்குச் சுணங்கும், புரதம் எதில் குலையும் என்று தெரிந்த ஒருவர் அங்கே நிற்க வேண்டாமா?

நம்பிக்கை: “பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எடுத்தா ஐ.டி. கம்பெனிக்குப் போயிடலாம்.”

போகிறவர்கள் உண்டு. அதற்காக மட்டும் என்றால் நேராகக் கம்ப்யூட்டர் சயன்ஸ் பாடம் ஒன்றை ஓபன் எலெக்டிவாக எடுப்பது மேல். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸுக்கோ புரோகிராமோடு புரதமும் தெரிய வேண்டும். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிசும் ஜான் ஜம்பரும் 2024இல் வேதியியல் நோபலில் பங்கு பெற்றார்கள். அந்த மென்பொருள் கணித்துத் தரும் புரத வடிவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழுவினர் 1963இல் வெளியிட்ட வரைபடத்தை இன்றும் எடுக்கிறோம். புரதம் தெரியாமல் புரோகிராம் மட்டும் தெரிந்தால் அந்த வரைபடம் வெறும் புள்ளிக் கோலம்.

நம்பிக்கை: “ஐ.பி.ஆர். தியரி பேப்பர். கதை எழுதினா மார்க்.”

ஈஸி பேப்பர் என்ற பெயர் வாங்கி, அதனாலேயே வீணாகிப்போகும் பாடம் இந்த அறிவுசார் சொத்துரிமை. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் இமாட்டினிப் மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு, நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் விண்ணப்பித்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006இல் அது நிராகரிக்கப்பட்டது. தெரிந்த ஒரு பொருளின் புது வடிவத்துக்கு, அதன் செயல்திறன் கூடினால் தவிர, காப்புரிமை இல்லை என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. புது வடிவம் உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது என்று நிறுவனம் வாதாடியது. மருந்துக்குச் செயல்திறன் என்றால் நோயைக் குணமாக்கும் திறன், கூடுதலாகச் சேர்வது மட்டும் அதற்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பளித்தது. குறைந்த விலையில் அதே மருந்தைத் தயாரித்த இந்திய நிறுவனங்கள் தொடர்ந்து தயாரிக்க முடிந்தது.

அந்தத் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். படிகம், உப்பு, கரைதிறன் என்று பக்கம் பக்கமாக நம் பாடம் ஓடுகிறது. காப்புரிமை முகவர் ஆவதற்குச் சட்டப் படிப்பு கட்டாயமில்லை. இந்தியக் குடிமகனாக, 21 வயது நிரம்பியவராக, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் பெற்றவராக இருந்து அதற்கான தேர்வில் தேற வேண்டும். பயோடெக் பட்டம் அதற்குப் போதும் என்பதே வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நம்பிக்கை: “காலேஜ் எதைத் திறக்குதோ அதைத்தான் படிக்கணும்.”

பட்டியலில் பத்துப் பாடம் இருக்கும், ஆசிரியர் இருப்பது இரண்டுக்குத்தான். ஆள் சேரவில்லை என்று நீங்கள் கேட்ட பாடத்தைக் கைவிடுவதும் நடக்கிறது. இதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வழி இருக்கிறது. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் படித்து கிரெடிட்டாக மாற்றிக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை இடம் தருகிறது. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல். பாடங்களும் அதில் இருக்கின்றன. ஒன்றே ஒன்று: எந்தப் பாடத்துக்கு ஈடாக எதை ஏற்பார்கள் என்பதைத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பரீட்சை எழுதி சான்றிதழோடு போய் நின்ற பிறகு, “இதுக்கு கிரெடிட் தர முடியாதும்மா” என்று கேட்டுத் திரும்பிய ஒரு மாணவியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.