உயிரி எரிசக்தி: இந்தியாவும் ஆசியாவும்

விறகு, வறட்டி, சாண எரிவாயு, எத்தனால், உயிரி டீசல் ஆகிய அனைத்தும் உயிரி எரிசக்தி என்னும் ஒரே தலைப்பில் அடங்குவன. இவற்றின் உற்பத்தியில் இந்தியாவை ஆசியாவோடு ஒப்பிடுவோர், மொத்தத் தொகையை மட்டும் நோக்கினால் தவறான முடிவுக்கு வர நேரிடும். ஒப்பீட்டிற்குரிய முறையை இங்கு ஆராய்வோம்.

பகுதியும் முழுமையும்

ஆசியாவின் மொத்தத்தில் இந்தியாவின் உற்பத்தியும் அடங்கியுள்ளது. ஆகவே இந்தியாவின் அளவைக் கழித்து, எஞ்சிய ஆசியாவுடன் ஒப்பிடுவதே முறையாகும். மக்கள் தொகை வேறுபடுவதால், தலைக்கு எவ்வளவு என்றும் கணக்கிடுதல் வேண்டும்.

பொது அளவை

விறகு டன்னிலும், எரிவாயு கன மீட்டரிலும், எத்தனால் லிட்டரிலும் அளக்கப்படுகின்றன. இவற்றை வெப்ப அளவையான மெகாஜூலுக்கு மாற்றிய பின்னரே கூட்ட இயலும். ஒரு கிலோ உலர்ந்த விறகில் ஏறத்தாழ 16 மெகாஜூலும், ஒரு கன மீட்டர் சாண எரிவாயுவில் 20 மெகாஜூலும், ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூலும் உள்ளன. பெட்ரோலில் லிட்டருக்குச் சுமார் 32 மெகாஜூல் இருப்பதால், எத்தனால் அதற்கு மூன்றில் இரு பங்கே ஈடாகும்.

எரிவதும் பயன்படுவதும்

பழைய மண் அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய 10 சதவீதமே பாத்திரத்தைச் சேர்கிறது. எரிவாயு அடுப்பில் இது 55 சதவீதம். ஒரு குடும்பம் 7 கிலோ விறகை எரித்தால், கணக்கில் 112 மெகாஜூல் பதிவாகும். சமையலுக்குப் பயன்படுவது 11 மெகாஜூல். அதே சமையலை ஒரு கன மீட்டர் எரிவாயு முடித்துவிடும். ஆனால் கணக்கில் 20 மெகாஜூலே பதிவாகும். புள்ளிவிவரப்படி உற்பத்தி வீழ்ச்சியடைந்துள்ளது. உண்மையில் அக்குடும்பத்துப் பெண் புகையினின்று விடுபட்டிருக்கிறாள். எனவே மரபு எரிபொருளையும் நவீன எரிபொருளையும் தனித்தனியே காட்டாத ஒப்பீடு பயனற்றது.

மூலப்பொருளும் நிலமும்

இந்தியாவில் 1981-82இல் தேசிய சாண எரிவாயு வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. நிறுவப்பட்ட குடும்பக் கலன்கள் சுமார் 50 லட்சம். சீனாவில் இவை 4 கோடியைத் தொட்டன. எனினும் கிராம மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததால் பல கைவிடப்பட்டன. நிறுவியவை வேறு, இயங்குபவை வேறு என்பதற்கு இது சான்று.

திரவ எரிபொருளில், இந்தோனேசியா பாமாயிலைக் கொண்டு 2020இல் டீசலில் 30 சதவீதமும், 2025இல் 40 சதவீதமும் கலக்க முற்பட்டது. அங்கு எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிந்தமை ஒரு செலவே. இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலத்தல் 2022இல் 10 சதவீதத்தையும், 2025இல் 20 சதவீதத்தையும் எட்டியது. இதன் மூலப்பொருள்கள் கரும்பும் தானியங்களும் ஆகும். சர்க்கரை குறையுமென அஞ்சி 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை அரசு கட்டுப்படுத்தியது; 2024 ஆகஸ்டில் கட்டுப்பாட்டை நீக்கியது. உணவுக்கும் எரிபொருளுக்கும் ஒரே வயல் பொறுப்பேற்கும்போது எழும் சிக்கல் இது.

முடிவாக, எந்த நாடு மிகுதியாக உற்பத்தி செய்கிறது என்னும் வினா போதாது. எதிலிருந்து, எந்த நிலத்தில், எவ்வளவு பயனுடன் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தரும் ஒப்பீடே திட்டமிடுவோர்க்கு வழிகாட்டும்.